சறுக்கிக்கொண்டே நிரப்பிய எரிபொருள்: ஃபாக்லாந்து போரில் ஹெர்குலிஸ்

பாரம் ஏற்றிய ஹெர்குலிஸ் சரக்கு விமானம் 23,000 அடி உயரத்தில் முழு விசையுடன் பறந்தாலும், அதன் வேகமானியின் முள் மணிக்கு ஏறத்தாழ 210 கடல் மைலுக்கு மேல் நகராது. அதற்கு எரிபொருள் தர வந்த விக்டர் டேங்கர் விமானமோ மணிக்கு 230 கடல் மைலுக்குக் கீழே வேகத்தைக் குறைத்தால் பாதுகாப்பாகப் பறக்க முடியாது. கொடுக்க வந்தவரால் நிதானிக்க முடியவில்லை, வாங்க வேண்டியவரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. 1982 மே மாதம் தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே இந்த இருபது கடல் மைல் வேக இடைவெளியை பிரிட்டன் விமானப்படையினர் எப்படிக் கடந்தார்கள் என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

தென் அட்லாண்டிக் தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போர் என்றதும் வல்கன் குண்டுவீச்சும், ஹாரியர் சண்டை விமானங்களும், எக்ஸோசெட் ஏவுகணையும் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. சரக்கு விமானக் குழுவினர் செய்த வேலைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு இடம்கூடக் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. நடுவானில் எரிபொருள் பெறுவது என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை.

தீவுகளை நம்பிய விமானப்படை

முதலில் ஒரு கேள்வி. 1950களிலிருந்தே நடுவானில் எரிபொருள் நிரப்பிப் பழகிய விமானப்படை பிரிட்டனுடையது. ஒரு விமானம் ரப்பர் குழாயை அவிழ்த்துவிட, அதன் நுனியில் உள்ள கூம்பு வடிவக் கூடைக்குள் மற்றொரு விமானம் தன் நீட்டுக் குழாயைச் செருகி எரிபொருள் பெறும் முறையே அந்த நாட்டில் பிறந்ததுதான். ஆலன் கோபாம் 1934இல் தொடங்கிய ஃப்ளைட் ரீஃப்யூயலிங் நிறுவனம் 1949இல் அதை உருவாக்கியது. அப்படியிருக்க, 1960களின் பிற்பகுதியில் வாங்கிய 66 ஹெர்குலிஸ் விமானங்களில் ஒன்றில்கூட 1982 ஏப்ரல் வரை அந்தக் குழாய் ஏன் இல்லை?

வரைபடத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும். பிரிட்டனிலிருந்து கிழக்கே போகும் விமானம் மால்டாவில் இறங்கலாம், சைப்ரஸில் இறங்கலாம், ஏடனில் இறங்கலாம். 1957 வரை இலங்கையின் கட்டுநாயக்கவில் இறங்கலாம். அதை இலங்கை அரசிடம் ஒப்படைத்த பிறகு மாலத்தீவின் கன் தீவு இருந்தது, அதற்கு அப்பால் சிங்கப்பூரின் சாங்கி இருந்தது. வழிநெடுகத் தரையில் எரிபொருள் கிடைக்கும்போது வானத்தில் எதற்கு? ஆனால் 1967இல் ஏடன் போனது, 1971இல் சாங்கி, 1976இல் கன், 1979இல் மால்டா. நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. அந்த நிலையங்களை நம்பி வாங்கிய விமானங்கள் மட்டும் மாறாமல் அப்படியே நின்றன. இதை யாரோ ஒருவருடைய கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பாவுக்குள் நடக்கப்போகும் போருக்கே எல்லோரும் ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். அந்தப் போரில் தூரம் ஒரு பிரச்சினையே அல்ல.

1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளைக் கைப்பற்றியதும் தூரமே முதல் பிரச்சினையாகிவிட்டது. இங்கிலாந்தின் லைனம் தளத்திலிருந்து கிளம்பும் ஹெர்குலிஸ், ஜிப்ரால்டர், செனகலின் தக்கார் வழியாக, அட்லாண்டிக்கின் நடுவே பிரிட்டன் வசம் உள்ள அசென்ஷன் தீவு வரை வந்துவிடும். அங்கே அமெரிக்கர்கள் இரண்டாம் உலகப் போரில் அமைத்த வைட்அவேக் விமானதளம் இருந்தது. அதற்குத் தெற்கே ஏறத்தாழ 6,300 கிலோமீட்டருக்கு வெறும் கடல். இறங்க இடம் கொடுக்கும் நட்பு நாடு ஒன்றும் இல்லை. அசென்ஷனிலிருந்து ஒரு பொருளைக் கப்பலில் அனுப்பினால் படை இருக்கும் இடத்தை அடைய ஒன்பது, பத்து நாள் பிடிக்கும். போரின் நடுவே ஒரு ரேடார் உதிரிப் பாகத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.

இருபது நாள் வேலை

விமானத்துக்குள்ளேயே கூடுதல் தொட்டி வைப்பதுதான் கையில் இருந்த முதல் வழி. 825 காலன் கொள்ளும் உருளைத் தொட்டிகளைச் சரக்கு அறைக்குள் கொண்டுவந்து பொருத்தினார்கள். இரண்டு வைத்தால் சில மணி நேரம் கூடுதலாகப் பறக்கலாம். நான்கு வைத்தால் இன்னும் தூரம் போகலாம். ஆனால் நான்கு தொட்டிகளும் நிறைந்தால் அந்த எரிபொருளின் எடை மட்டும் ஏறத்தாழ 12 டன். தூரம் போக முடிந்த விமானத்தில் கொண்டுபோக வேண்டிய பொருளுக்கு எடையும் இல்லை, இடமும் இல்லை. சரக்கு விமானத்துக்கு வெளியிலிருந்து எரிபொருள் வந்தாக வேண்டும் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும்.

கேம்பிரிட்ஜில் இருந்த மார்ஷல் நிறுவனம்தான் பிரிட்டன் ஹெர்குலிஸ் விமானங்களின் பராமரிப்புக்கும் மாற்றங்களுக்கும் பொறுப்பு. நீட்டுக் குழாய் பொருத்த முடியுமா என்ற கேள்வி ஏப்ரல் 15 அன்று அவர்களிடம் வந்தது. வல்கன் குண்டுவீச்சு விமானங்களின் குழாய்களை எடுத்து, ஹெர்குலிஸின் விமானி அறைக்கு மேலே பொருத்தி, அங்கிருந்து உடலின் முதுகின் மேலாகக் குழாய் ஓட்டி எரிபொருள் தொட்டிகளுடன் இணைத்தார்கள். எக்ஸ்வி200 என்ற எண்ணுள்ள முதல் விமானம் ஏப்ரல் 28 அன்று மேலே ஏறியது. சோதனைகள் முடிந்து மே 5 அன்று லைனம் போய்ச் சேர்ந்தது. கேள்வி வந்த நாளிலிருந்து இருபது நாள். அமைதிக் காலத்தில் இதற்கு வரைபடம், ஒப்புதல், சோதனை, திருத்தம் என்று ஆண்டுகள் ஓடியிருக்கும்.

இந்த வேகத்தை வெறும் வீரக்கதையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அது முடிந்ததற்குக் காரணங்கள் இருந்தன. விமானத்தை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் ஒரே இடத்தில் இருந்தார்கள். குழாய் புதிதாகச் செய்யப்படவில்லை, ஏற்கெனவே பறந்து தேறியது. கூடையும் ரப்பர் குழாயும் விக்டர் விமானங்களில் ஆயத்தமாக இருந்தன. புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது இணைப்பு வேலை மட்டுமே.

அமெரிக்கர்கள் இதே பாடத்தை ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே படித்திருந்தார்கள். 1973 அக்டோபரில் இஸ்ரேலுக்கு ஏறத்தாழ 20,000 டன் தளவாடங்களை வானில் கொண்டுபோனபோது, ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் இறங்க இடம் தரவில்லை. போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் இருந்த லாஜஸ் தளம் ஒன்றுதான் அந்தப் போக்குவரத்தைத் தாங்கிப் பிடித்தது. அதன் பிறகு சி-141 சரக்கு விமானங்களின் உடலை நீட்டியபோது, எரிபொருள் பெறும் வாயையும் சேர்த்தே பொருத்தினார்கள்.

சரிவு

குழாய் பொருத்தியாகிவிட்டது. இனிதான் தொடக்கத்தில் சொன்ன இருபது கடல் மைல் வேகச் சிக்கல்.

விக்டர், அணுகுண்டு வீசுவதற்காகப் பிறந்து பின்னர் டேங்கராக மாறிய ஜெட் விமானம். உயரத்தில் வேகமாகப் பறப்பதற்கென்றே வடித்த இறக்கைகள் அதற்கு. ஹெர்குலிஸ் கரடுமுரடான சிறு ஓடுபாதைகளில் இறங்கி ஏறுவதற்காகப் பிறந்தது. நான்கு புரொப்பெல்லர்கள், அகன்ற உடல், நேரான இறக்கை. மேலே போகப்போகக் காற்று மெலிந்து, அதன் இன்ஜின்களின் வலு குறைந்துகொண்டே வரும். கீழே இறங்கினால் ஹெர்குலிஸுக்கு வலு கூடும். ஆனால் தாழப் பறக்கும் ஜெட் விமானம் எரிபொருளைக் குடித்துத் தீர்த்துவிடும். கொடுக்க வேண்டியதையே விக்டர் செலவழித்துவிடக் கூடாது என்பதால் சந்திப்பு உயரத்தில்தான் தொடங்கியாக வேண்டும்.

தீர்வு எளிமையானது. இரண்டு விமானங்களும் சேர்ந்து கீழ்நோக்கிச் சரிந்தால் போதும். மேட்டில் திணறும் மாட்டுவண்டி இறக்கத்தில் தானாக ஓடுகிறதே, அதே கணக்கு. விமானிகள் இதை டொபாகன் என்றார்கள். பனிச்சரிவில் சறுக்கிப் போகும் பலகைக்கு அந்தப் பெயர். நம் பிள்ளைகள் பூங்காவில் ஏறிச் சறுக்கும் சறுக்குமரத்தை நினைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு சரிவு வேண்டும்? நிமிடத்துக்கு 500 அடி. பயணி விமானம் தரையிறங்க வரும்போதுகூட இதைவிட வேகமாகத்தான் இறங்கும். அந்த உயரத்தில், அந்த வேகத்தில், இது நூற்றுக்கு ஒன்றரை என்ற அளவிலான சாய்வு. விமானத்தின் எடை 70 டன் என்றால், புவியீர்ப்பு அதை முன்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ ஒரு டன். ஐந்தாவது இன்ஜின் ஒன்றைச் செலவின்றிச் சேர்த்துக்கொண்டதுபோல. ஹெர்குலிஸுக்குக் குறைந்த அந்த இருபது கடல் மைலை இந்த ஒரு டன் தந்துவிட்டது. புதிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. இந்த நிகழ்வில் என்னை இன்றும் வியக்கவைப்பது இந்த இடம்தான்.

நடக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வழக்கமாக எரிபொருள் வேண்டும் விமானம் பின்னாலிருந்து வந்து டேங்கரை அணுகும். இங்கே அது தலைகீழ். வேகமான விக்டர் பின்னாலிருந்து ஹெர்குலிஸை நெருங்கி வருகிறது. தூரம் ஒரு மைல் அளவுக்குக் குறையும்போதே ஹெர்குலிஸ் மூக்கைத் தாழ்த்திச் சரியத் தொடங்கி வேகம் கூட்டுகிறது. விக்டர் கடந்து முன்னால் போய், கூடையை அவிழ்த்துவிட்டு, அதே சரிவில் இறங்குகிறது. இப்போது இரண்டும் ஒரே வேகத்தில் இருக்கின்றன. ஹெர்குலிஸ் விமானியின் கண் முன்னே, தலைக்குச் சற்று மேலே, கூடை காற்றில் ஆடுகிறது. அவர் நெருங்கினால் அவருடைய விமானத்தின் அகன்ற மூக்கு தள்ளும் காற்றே கூடையையும் விலக்கிவிடும். கூடையைத் துரத்தினால் தவறிப்போகும். விக்டரின் உடலில் வரைந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டு, கூடையை ஓரக்கண்ணில் வைத்து, நடைவேகத்தில் முன்னேற வேண்டும். செருகியதும் குழாயைச் சற்று முன்னோக்கித் தள்ள வேண்டும். அப்போதுதான் வால்வு திறந்து எரிபொருள் பாயும்.

பாயத் தொடங்கியதும் வேறொரு தொல்லை. ஹெர்குலிஸ் நிமிடத்துக்கு நிமிடம் கனத்துக்கொண்டே போகிறது. கனக்கக் கனக்க அதே வேகத்தைத் தக்கவைக்கக் கூடுதல் விசை தேவை, ஆனால் கைப்பிடி ஏற்கெனவே கடைசி வரை தள்ளப்பட்டிருக்கிறது. கீழே காற்று அடர்த்தியாவதால் இன்ஜின் வலு சற்றுக் கூடுவது மட்டுமே ஆறுதல். பத்து நிமிடத்தில் 5,000 அடி உயரம் கரைந்துவிடும். வழியில் மேகம் குறுக்கிட்டால் அதற்குள்ளேயும் சேர்ந்தேதான் இறங்க வேண்டும். தென் அட்லாண்டிக்கில் மே மாதம் குளிர்காலத்தின் வாசல். அங்கே மேகம் குறுக்கிடுமா என்று கேட்கவே வேண்டியதில்லை.

கிளம்பும் நேரமும் ஒரு கணக்கு. ஹெர்குலிஸ் மெதுவானது என்பதால் அது முன்னால் கிளம்பிவிடும். விக்டர்கள் பல மணி நேரம் கழித்துக் கிளம்பி, கடலுக்கு மேலே அடையாளமே இல்லாத ஒரு புள்ளியில் அதை எட்டிப் பிடிக்கும். தொலைதூரச் சந்திப்பு என்றால் அந்த விக்டருக்கே வழியில் இன்னொரு விக்டர் எரிபொருள் தந்திருக்கும். அசென்ஷனுக்குக் கப்பலில் வந்து இறங்கிய எரிபொருள் இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் ஹெர்குலிஸின் தொட்டியை அடைந்தது.

மே 16 முதல்

இந்த முறையில் முதல் போர்ப் பயணம் மே 16 அன்று நடந்தது. விமானம் எக்ஸ்வி200. 47ஆம் படைப்பிரிவின் ஃப்ளைட் லெப்டினன்ட் ஹாரி பர்கோயின் தலைமையிலான குழு. சிறப்புப் படை வீரர்கள் சிலரையும் அரை டன் அளவுக்கான பொருள்களையும் கடற்படைக் கப்பல் ஒன்றின் அருகே பாரசூட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். மேலே போன விமானம் தரையைத் தொட்டபோது 24 மணி நேரத்துக்கு மேல் கடந்திருந்தது.

அரை டன்னுக்காக ஒரு முழு நாள் பறப்பு, அதற்குத் துணையாக டேங்கர்கள். பொருளின் எடையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது வீண் செலவாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்தக் கடலில் எடையைவிட நேரத்துக்கே விலை அதிகம். ஒரு சம்பவத்தைச் சொன்னால் புரியும். மே 28 அன்று கூஸ் கிரீன் சண்டையில் இரண்டாம் பாரசூட் படைப்பிரிவின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஹெச். ஜோன்ஸ் கொல்லப்பட்டார். அவருடைய இடத்துக்கு வர வேண்டிய லெப்டினன்ட் கர்னல் டேவிட் சவுண்ட்லர் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். கப்பலில் வந்திருந்தால் அதற்குள் போரே முடிந்திருக்கும். ஜூன் தொடக்கத்தில் அவர் அசென்ஷனிலிருந்து ஹெர்குலிஸில் கிளம்பி, தென் அட்லாண்டிக்கின் உறைகுளிர் நீரில் பாரசூட்டில் குதித்தார். எச்எம்எஸ் பெனலோபி என்ற போர்க்கப்பல் அவரைத் தூக்கிக்கொண்டது. சில நாள்களில் அவர் தம் படையினருடன் இருந்தார். ஜூன் 14 அன்று அர்ஜென்டினாப் படை சரணடைந்தது.

பொருளை இறக்கும் வேலையும் எளிதல்ல. பத்து, பன்னிரண்டு மணி நேரம் பறந்து வந்தவர்கள், கடலுக்கு நெருக்கமாக இறங்கி, பின்கதவைத் திறந்து, குளிர்காற்று உள்ளே அறையும்போது பெட்டிகளைத் தள்ளிவிட வேண்டும். கப்பலின் படகுகள் அலையில் ஆடிக்கொண்டே அவற்றைப் பொறுக்கி எடுக்கும். அதன் பிறகு அதே தூரம் திரும்பிப் பறக்க வேண்டும். போர் முடிந்த நான்காம் நாள், ஜூன் 18 அன்று, 70ஆம் படைப்பிரிவின் ஃப்ளைட் லெப்டினன்ட் டெர்ரி லாக் குழுவினர் 28 மணி நேரத்துக்கும் மேல் பறந்தார்கள். ஹெர்குலிஸ் வரலாற்றில் அவ்வளவு நேரம் யாரும் அதுவரை பறந்ததில்லை.

தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜூன் 3 அன்று ஒரு வல்கன் விமானம் ஃபாக்லாந்திலிருந்து திரும்பும் வழியில் எரிபொருள் பெற முயன்றபோது நீட்டுக் குழாயின் முனை முறிந்துவிட்டது. அசென்ஷனுக்குப் போக எரிபொருள் இல்லை. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரை நோக்கித் திரும்பி, இன்னொரு சுற்றுச் சுற்றக்கூடப் போதாத எரிபொருளுடன் இறங்கியது. ஒரு வாரம் அங்கே தடுத்துவைக்கப்பட்டது. ஹெர்குலிஸ் குழுவினர் தலைக்கு மேல் இருந்ததும் வல்கனிலிருந்து எடுத்த அதே வகைக் குழாய்தான். கூடையில் செருகப் போகும் ஒவ்வொரு முறையும் அது அவர்கள் நினைவில் இருந்திருக்கும்.

இடைவெளி மறைந்தது

சறுக்கும் முறை வேலை செய்தது. ஆனால் அது சிக்கலைத் தீர்க்கவில்லை, சிக்கலோடு வாழ வழிசெய்தது, அவ்வளவுதான். உண்மையான தீர்வு, ஹெர்குலிஸின் வேகத்தில் பறக்கும் டேங்கர். அதற்கு ஹெர்குலிஸையே டேங்கராக்கிவிட்டார்கள். ரப்பர் குழாய் சுற்றிய பெரிய உருளையைப் பின்கதவுப் பலகையின் மேல் பொருத்தி, சரக்கு அறையில் அதே உருளைத் தொட்டிகளை வைத்து, மார்ஷல் நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் முதல் விமானத்தைக் கொடுத்தது. மொத்தம் ஆறு விமானங்கள் அப்படி மாற்றப்பட்டன. கொடுப்பதும் பெறுவதும் ஒரே வகை விமானம் என்பதால் வேக இடைவெளி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. போருக்கு முன்பே இதைச் செய்திருக்கலாம் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு விமானங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்ற கேள்வியே சறுக்கிப் பார்த்த பிறகுதான் அவ்வளவு தெளிவாக எழுந்தது.

போருக்குப் பிறகும் வேலை ஓயவில்லை. ஜூன் 24 அன்று முதல் ஹெர்குலிஸ் ஃபாக்லாந்தின் தலைநகரான ஸ்டான்லியில் தரையிறங்கியது. அசென்ஷனிலிருந்து அங்கே போக ஏறத்தாழ 13 மணி நேரம், வழியில் நடுவானில் எரிபொருள். ஸ்டான்லியில் வானிலை கெட்டு இறங்க முடியாமல் போனால், அப்படியே திரும்பி அசென்ஷனுக்கே வர வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பறந்து கிளம்பிய இடத்திலேயே இறங்கிய பயணிகளும் உண்டு.

ஆகஸ்டில் போர் விமானங்களுக்காக ஓடுபாதையை நீட்டும் வேலை நடந்தபோது இரண்டு வாரம் ஸ்டான்லி மூடப்பட்டது. அப்போதும் ஹெர்குலிஸ் போனது. கொண்டுவந்ததைப் பாரசூட்டில் போட்டது. ஊருக்குப் போக வேண்டிய கடிதங்களைத் தரையில் இரு கம்பங்களுக்கு இடையே கட்டிய கயிற்றோடு இணைத்து வைத்திருந்தார்கள். விமானம் தாழப் பறந்து, பின்னால் தொங்கவிட்ட கொக்கியால் அந்தக் கயிற்றைக் கவ்வி, அஞ்சல் பையை மேலே இழுத்துக்கொண்டது.

1985 மே 12 அன்று ஃபாக்லாந்தின் மவுண்ட் பிளசன்டில் நீண்ட ஓடுபாதை திறக்கப்பட்டது. டிரைஸ்டார் ஜெட் விமானங்கள் அசென்ஷனிலிருந்து நேரே அங்கே வந்து இறங்கின, வழியில் யாரிடமும் எரிபொருள் கேட்காமல்.